ரவுட்டரை மாற்றுமுன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்



நாவிதன்வெளிப் பக்கம், வயற்கரையோரமாக, என் தங்கச்சியின் வீடு இருக்கிறது. மச்சான் கட்டாரில் தொழில் செய்கிறார். அங்கே வேலை முடித்து அறைக்கு வந்து அவர் பேசும் நேரம் இங்கே இஷா முடிந்த நேரம். சின்னவள் பாடசாலையில் நடந்ததையெல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டு அந்த அழைப்புக்காகவே விழித்திருப்பாள். ஆனால் பல மாதங்களாக அந்த அழைப்பு ஒழுங்காக நடந்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிடும், குரல் துண்டு துண்டாக வரும், பிறகு அறுந்துவிடும். "நீதான் கட் பண்ணினாய்" என்று அவரும், "நான் ஏன் கட் பண்ணப் போறன்" என்று இவளுமாக, இணையத்தில் தொடங்கிய கோளாறு மனஸ்தாபத்தில் போய் நின்றது.

ஒருநாள் தங்கச்சி எனக்கு அழைத்தாள். "ரவுட்டர் பழுதாப் போயித்து காக்கா. புதிசொண்டு வாங்கிப் போட்டன். 18,000 ரூபா. அதுவும் அப்பிடித்தான் கிடக்கு" என்றாள். குரலில் அழுகை இருந்தது. வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்த காசு அல்லவா!

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனேன். நான் இயந்திரம் படித்தவன் அல்லன். அரபு மத்ரஸாவில் பாடம் சொல்லிக்கொடுப்பவன். ஆனாலும் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, கையடக்கத் தொலைபேசி வழியே வகுப்பு எடுக்க வேண்டி வந்தபோது, இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியே சிலதைக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் இந்த நாட்டு ஆசிரியர்களும் பிள்ளைகளும் பட்ட பாடு சிறியதல்ல. 2021 இல் மலைநாட்டின் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் பாடம் பெறுவதற்காகக் காட்டுவழியே மலையேறிச் சிக்னல் தேடிய செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது.

தங்கச்சி வீட்டில் அன்று நான் கண்டதையும், அதற்குமுன் நான் கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். "இது ஆம்பிளைகளின் வேலை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் அதிக நேரம் இருப்பவர் நீங்கள். எந்த நேரத்தில், எந்த அறையில், யார் என்ன பார்க்கும்போது இணையம் மெதுவாகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். நோயைக் கண்டுபிடிக்கப் பாதி வழி அதுவே.

எங்கே ஒடுங்குகிறது?

மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாய்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கல்முனைப் பக்கத்து வீதி நன்றாகத்தான் இருக்கும். நாவிதன்வெளிப் பக்கத்து வீதியும் குறையில்லாமல் கிடக்கும். ஆனால் தாம்போதியில் தண்ணீர் ஏறிவிட்டால் இரண்டு பக்கத்து வாகனங்களும் நின்றுதான் ஆக வேண்டும். அப்போது உங்கள் வீட்டு வாசலில் புதிதாகக் கொங்கிறீட் போட்டு என்ன பயன்?

இணையமும் அப்படித்தான். அது மூன்று கட்டங்களாக உங்கள் கைக்கு வருகிறது. முதலாவது, வெளிநாட்டிலிருந்து கடலடிக் கேபிள் வழியாக நாட்டுக்குள் வந்து கம்பனி வரை. இரண்டாவது, கம்பனியின் நிலையத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ உங்கள் ரவுட்டர் வரை. மூன்றாவது, ரவுட்டரிலிருந்து உங்கள் கைத்தொலைபேசி வரை. வைஃபை என்று நாம் சொல்வது இந்த மூன்றாவது கட்டத்தை மட்டும்தான். புதிய ரவுட்டர் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தையே திருத்தும். 4ஜி ரவுட்டராக இருந்தால் இரண்டாவதிலும் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஒடுக்கம் வேறிடத்தில் இருந்தால் கொடுத்த காசு வீண்.

முதற்கட்டத்தில் நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 2025 செப்டெம்பரில் செங்கடலில் ஜித்தாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் சேதமடைந்தபோது பாகிஸ்தான், இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் இணையம் மெதுவானது. அப்படியான நாட்களில் வளைகுடாவிலிருந்து வரும் அழைப்பு தடுமாறினால் கணவரையும் குறை சொல்ல வேண்டாம், ரவுட்டரையும் குறை சொல்ல வேண்டாம். பொறுத்திருப்பதே வழி. மற்ற இரண்டு கட்டங்களையும் நாமே சோதிக்கலாம்.

நான்கு கேள்விகள்

மாணவன் ஒருவன் அரபு வசனத்தைப் பிழையாக வாசித்தால் நான் அவனுக்குப் புதுக் கிதாபு வாங்கிக் கொடுப்பதில்லை. எழுத்தில் பிழையா, உயிர்க்குறியில் பிழையா, இலக்கணத்தில் பிழையா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். இங்கும் அதே முறைதான்.

1. ஒரு தொலைபேசியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் மெதுவென்றால் கோளாறு அந்தத் தொலைபேசியில். பழையதாக இருக்கலாம், உள்ளே படங்கள் நிரம்பி மூச்சுவிட இடமில்லாமல் இருக்கலாம். அணைத்துப் போடுங்கள், தேவையற்றதை அழியுங்கள்.

2. ஓர் அறையில் மட்டுமா, வீடு முழுவதுமா? ரவுட்டருக்கு ஆறடி தூரத்தில் நின்று பாருங்கள். அங்கே வேகமாகவும் படுக்கையறையில் மெதுவாகவும் இருந்தால் குறை மூன்றாவது கட்டத்தில், அதாவது வைஃபையில். ரவுட்டரின் அருகிலும் மெதுவென்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதிலேயே குறை.

3. எந்நேரமுமா, இரவில் மட்டுமா? காலையில் நன்றாக இருந்து, இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் மட்டும் தளர்ந்தால், ஊரெல்லாம் ஒரே நேரத்தில் பாவிக்கும் நெரிசல் காரணமாக இருக்கலாம். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன.

4. மாதத் தொடக்கத்திலுமா, கடைசியில் மட்டுமா? பல பெக்கேஜ்களில் குறித்த அளவு டேட்டா முடிந்ததும் வேகம் குறைக்கப்படும். சிலவற்றில் பகலுக்கு ஓரளவு, நள்ளிரவுக்குப் பின் வேறோரளவு என்று பிரித்திருப்பார்கள். 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய இரண்டேகால் கிகாபைட்டை முடித்துவிடும். பிள்ளைகள் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் பார்த்தால் பத்தே நாளில் 90 கிகாபைட் போய்விடும்!

இந்த நான்கையும் கேட்ட பிறகு வேகத்தை அளந்து எழுதுங்கள். ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட் போன்ற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மற்றவர்களின் தொலைபேசிகளில் வைஃபையை நிறுத்திவிட்டு, ரவுட்டரின் அருகில் நின்று, காலை, பகல், இரவு என்று மூன்று நாட்கள் சோதியுங்கள். வீட்டில் மடிக்கணினி இருந்தால் அதைக் கேபிளால் ரவுட்டருடன் இணைத்துச் சோதிப்பது இன்னும் திருத்தமானது. சோதனையும் டேட்டாவை உண்ணும். ஆகவே விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம்.

ஒரு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பனிகள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. நாம் இறக்கும் கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 20 மெகாபிட் இணைப்பில் 160 மெகாபைட் கோப்பு இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல், 64 செக்கன் எடுக்கும். அது குறைபாடு அல்ல, கணக்கே அப்படித்தான்.

எவ்வளவு வேகம் போதும்? சூம் வகுப்பு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மெகாபிட் வரை போதும். தெளிவான காணொளிக்கு ஐந்து. மூன்று பேர் ஒரே நேரத்தில் பாவிக்கும் வீட்டுக்கு 15 முதல் 20 மெகாபிட் உண்மையில் கிடைத்தால் தாராளம். படம் உறையாமல் பேசுவதற்கு இறங்கும் வேகத்தைப் போலவே ஏறும் வேகமும் முக்கியம். நம் முகமும் குரலும் அந்த வழியால்தான் போகின்றன.

வெளியிலிருந்து வருவதில் குறை என்றால்

உங்கள் வீட்டுக்கு இணையம் எந்த வழியால் வருகிறது என்று பாருங்கள். மூன்று வகைதான் நம் பகுதியில் பரவலாக உண்டு.

பழைய தொலைபேசிக் கம்பி வழியாக வந்தால்: நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டுக் கம்பி மூட்டுகள் பச்சை பூத்துப்போகும். தொலைபேசியைக் காதில் வைத்தால் கரகரவென்று இரைகிறதா? மழை பெய்தால் இணைப்பு அறுகிறதா? அப்படியானால் குறை கம்பியில். அதைத் திருத்த வேண்டியது கம்பனி. தொலைபேசியும் ரவுட்டரும் ஒரே கம்பியில் இருந்தால் இடையே ஒரு சிறு வடிகட்டிப் பெட்டி இருக்க வேண்டும். அது கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபைபர் வழியாக வந்தால்: அது மயிரிழை போன்ற கண்ணாடி. அதன் வழியே ஒளி வருகிறது. மூலையில் மடித்து ஆணியடித்தாலோ, அலுமாரியால் நசித்தாலோ ஒளி தடைப்படும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அதை நீங்கள் கழற்ற வேண்டாம், கம்பனிக்கு அறிவியுங்கள்.

4ஜி ரவுட்டர் என்றால்: நாவிதன்வெளி போன்ற வயல்சார்ந்த பகுதிகளில் அனேக வீடுகளில் இருப்பது இதுதான். இதற்கு வைக்கும் இடமே உயிர். தகரக் கூரையும் கொங்கிறீட் தட்டும் சிக்னலைத் தடுக்கும். கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கத்து யன்னலோரம், உயரத்தில் வையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு முகவரியும் இரகசியச் சொல்லும் இருக்கும். தொலைபேசியில் அந்த முகவரிக்குப் போனால் சிக்னலின் பலம் மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 80 ஐ ஒட்டியிருந்தால் மிக நல்லது. மைனஸ் 110 ஐத் தாண்டினால் மிகப் பலவீனம். ரவுட்டரை ஒவ்வொரு யன்னலாகக் கொண்டுபோய் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியால வேலைதான். செலவு எதுவும் இல்லை. எந்த யன்னலிலும் தேறாவிட்டால், வெளியே கூரைக்கு மேல் அன்ரனா பூட்டக்கூடிய ரவுட்டரைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

பில்லையும் நீங்கள் எழுதிய மூன்று நாள் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு கம்பனியுடன் பேசுங்கள். "மெதுவாக இருக்கிறது" என்று சொல்வதைவிட, "காலையில் 18, இரவில் 2" என்று சொன்னால் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடும் உரிமை பாவனையாளருக்கு உண்டு.

வீட்டுக்குள் குறை என்றால்

கம்பி வழியாகவோ ஃபைபர் வழியாகவோ வரும் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், நெஞ்சளவுக்கு மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு அலுமாரி, பிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி ஆகியன வைஃபையின் எதிரிகள். அழகுக்காக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாலோ, மேலே துணி போட்டு மூடினாலோ ரவுட்டர் சூடேறித் தளரும்.

இப்போதைய ரவுட்டர்கள் பலவற்றில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 தூரம் போகும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் மெதுவானது, அயல்வீட்டு வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதிக்கொள்வது. 5 வேகமானது; ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5 ஐயும், தூரத்து அறையில் 2.4 ஐயும் பாவியுங்கள். ஒழுங்கை நெருக்கமானதாக இருந்தால், 2.4 இன் சனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள்.

நம் பகுதிகளில் உம்மாவின் வீடும் மகளின் வீடும் ஒரே வளவுக்குள் இருப்பது வழக்கம். ஓர் இணைப்பை இரண்டு வீட்டுக்கும் பாவிக்க விரும்புவோர் "ரிப்பீட்டர்" என்ற கருவியை வாங்குகிறார்கள். விலை குறைவானவற்றில் வேகம் பாதியாகிவிடுவதுண்டு. அதைவிட, வெளியில் பாவிக்கும் இணையக் கேபிளை ஒரு பீ.வீ.சீ. குழாய்க்குள் விட்டு மற்ற வீட்டுக்கு இழுத்து, அங்கே பழைய ரவுட்டர் ஒன்றைப் பூட்டுவது சிறந்தது. 100 மீற்றர் வரை அந்தக் கேபிள் வேகம் குறையாமல் கொண்டுபோகும்.

இரகசியச் சொல்லை யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்பதையும் யோசியுங்கள். படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அந்தப் பிள்ளையிடமிருந்து ஒழுங்கை முழுவதற்கும் அது போய்விடும். அநேக ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனிப்பெயரில் ஒரு வைஃபை வைக்கலாம். கொடுப்பதை அதில் கொடுங்கள். பெட்டியோடு வந்த சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். அது நம் வீட்டுக் கதவின் திறப்பைப் போன்றது.

எப்போது வாங்கலாம்? எதை வாங்கலாம்?

இவ்வளவும் செய்தபின்னும் குறை ரவுட்டரில்தான் என்று தெரிந்தால் தயங்காமல் வாங்குங்கள். கேபிளில் வேகம் நன்றாக இருந்தும் அதே அறையில் வைஃபை மெதுவாக இருப்பது, ரவுட்டர் நாளுக்குப் பலமுறை தானாக அணைந்து எரிவது, 2.4 மட்டுமே உள்ள பழைய பெட்டியில் ஏழெட்டுத் தொலைபேசிகள் தொங்குவது ஆகியவை அதற்கான அடையாளங்கள்.

கடைக்குப் போகுமுன் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் இணைப்பு எந்த வகை? கம்பிக்கான ரவுட்டர் 4ஜிக்கு உதவாது. ஃபைபருக்கு, கம்பனி தந்த பெட்டியை அகற்றாமல் அதற்குப் பின்னால் பூட்டும் ரவுட்டரே பொருத்தம். இரண்டாவது, 4ஜி ரவுட்டர் என்றால் எந்தக் கம்பனியின் சிம்மையும் ஏற்குமா, உங்கள் கம்பனி உங்கள் ஊரில் பாவிக்கும் அலைவரிசைகள் அதில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது, 2.4, 5 இரண்டும் இருக்கட்டும். வைஃபை 5 என்று குறித்தது சாதாரண வீட்டுக்குப் போதும். பாவிப்போர் அதிகமென்றால் வைஃபை 6 நல்லது. பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் பங்கிடுவதில் அது கெட்டி. நான்காவது, 100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட ஃபைபர் பெக்கேஜ் வைத்திருப்போர் கிகாபிட் துளை உள்ளதை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் 100 இல் நின்றுவிடும். ஐந்தாவது, உத்தரவாதச் சீட்டும், பிடிக்காவிட்டால் மாற்றித்தரும் வாக்கும். அன்ரனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நான்கு கொம்பு உள்ள மாடெல்லாம் கூடப் பால் கறப்பதில்லை!

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையமும் இலங்கைக்கு வந்தது. கம்பியும் எட்டாத, கோபுரமும் எட்டாத இடத்துக்கு அது ஒரு வழிதான். மற்றவர்கள் அதன் செலவை நன்றாகக் கணக்குப் பார்த்த பின்பே முடிவெடுக்க வேண்டும்.

வாங்கிய கருவியைப் பாதுகாப்பதும் நம் பொறுப்பு. சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் இடிமின்னல் கடுமை. வானம் இருட்டினால் மின்சாரச் செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். 2022 மார்ச் 31 இல் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். மின்வெட்டுக்குச் சிறிய மின்கலப் பெட்டி வாங்குவோர், ரவுட்டருக்கு 5 வோல்ற்றா, 9 வோல்ற்றா, 12 வோல்ற்றா என்று அதன் சீட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

தங்கச்சி வீட்டில் நடந்தது

புதிய ரவுட்டர் இரும்பு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், பிள்ளைகளின் கை எட்டாத இடமென்று வைக்கப்பட்டிருந்தது. பழையதும் அங்கேதான் இருந்ததாம்! கல்முனைப் பக்கத்து யன்னலோரம் ஒரு பலகை அடித்து அங்கே வைத்தோம். மைனஸ் 112 என்று காட்டியது மைனஸ் 94 ஆனது. அடுத்து, மூத்தவனின் தொலைபேசியைப் பார்த்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து வைஃபையில் சேர்ந்ததும், அன்று எடுத்த வீடியோக்களையெல்லாம் அது தானாகவே இணையச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கிவிடுகிறது. இஷாவுக்குப் பிறகு வாப்பா பேசும் நேரத்தில் ஏறுபாதை முழுவதும் அதன் கையில்! அதை நள்ளிரவுக்குப் பின் மாற்றிக்கொண்டான். மாதத்தில் இருபதாம் திகதியளவில் டேட்டா முடிந்துவிடுவதும் பில்லில் தெரிந்தது. பிள்ளைகளின் காணொளித் தரத்தைக் குறைத்தோம்.

பிறகு பழைய ரவுட்டரை எடுத்து அதே பலகையில் வைத்துப் பார்த்தோம். அதுவும் அதே வேகத்தில் வேலை செய்தது! தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மடித்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். நாள் கடந்துவிட்டதென்று கடைக்காரர் ஏற்கவில்லை. இப்போது அது ஒரே வளவிலுள்ள உம்மாவின் வீட்டில், கேபிளின் மறுமுனையில் இருக்கிறது. அந்த மட்டில் வீண்போகவில்லை.

அன்றிரவு மச்சான் அழைத்தார். சின்னவள் தொலைபேசியைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். முக்கால் மணித்தியாலம் பேசினாள். தங்கச்சிக்குத் தொலைபேசி கிடைத்தபோது அங்கே அவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அதற்கு ரவுட்டரில் மருந்தில்லை.

சகோதரிகளே, வீட்டில் எது பழுதானாலும் முதலில் கடையை நினைக்கும் பழக்கம் நமக்குள் வளர்ந்துவிட்டது. வீண்விரயம் என்பது வேண்டாததை வாங்குவது மட்டுமல்ல. ஏன் என்று கேளாமல் வாங்குவதும்தான். ஒரு கொப்பித்தாளை எடுங்கள். இன்றிரவே அந்த நான்கு கேள்விகளையும் எழுதி, பதிலைக் குறியுங்கள். மூன்று நாள் கழித்து அந்தத் தாளைப் பார்த்தால், காசைக் கடைக்குக் கொண்டுபோவதா, ரவுட்டரை யன்னலுக்குக் கொண்டுபோவதா என்று அதுவே சொல்லும்.